பாட்டரியைக் குடித்தது யார்?

போன கார்த்திகை மாதம் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஆறரை மணிக்கு ஒரு சத்தம் கேட்கும். 'ர்ர்ர்... ர்ர்... ர்... டிக்!' பிறகு ஒரு சின்ன மௌனம். அப்புறம் என் அப்பாவின் குரல்.

"தம்பி... கொஞ்சம் கை குடுப்பா!"

கை கேட்பது குலுக்குவதற்கு அல்ல, தள்ளுவதற்கு. பால்காரர் கேனை இறக்கி வைப்பார். எதிர்வீட்டுத் தறிக்கார அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். பேப்பர் பையன் சைக்கிளைச் சுவரில் சாய்ப்பான். ஒருமுறை, வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டுப் பட்டுப்புடவைக் கடைக்கு வழி கேட்டு வந்த பெங்களூர்க்காரர் ஒருவரும் பாவம், மாட்டிக்கொண்டார். அவர் வழி கேட்டார், நாங்கள் தள்ளச் சொன்னோம். வேட்டியில் டயர் கறையோடு போனார்.

வண்டி வெள்ளை மாருதி 800. 1997 மாடல். இந்தக் காருக்கு அறிமுகம் தேவையில்லை. 1983 டிசம்பர் 14-ம் தேதி இந்திரா காந்தி கையால் முதல் சாவி கொடுக்கப்பட்டு, 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட வரைக்கும், நம் ஊர் நடுத்தர வர்க்கத்தை ஸ்கூட்டரிலிருந்து இறக்கிக் காரில் உட்கார வைத்த வண்டி. 796 சி.சி., மூன்று சிலிண்டர். அப்பா 2002-ல் இதை ஐந்து வருஷம் ஓடிய வண்டியாக வாங்கினார். அப்போது அவர் ஆறு தறி வைத்திருந்தார். நான் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் சரியாக ஒரு வாரம் ஹீரோவாக இருந்தேன்.

இப்போது தறிகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. தறிக்குழி இருந்த இடத்தை மூடி டைல்ஸ் போட்டாயிற்று. கார் மட்டும் இருக்கிறது. அப்பாவுக்கு வயது 74. வாரத்தில் ஆறு நாள் வண்டியைத் துடைப்பார். ஏழாவது நாள் ஓட்டுவார்.

அந்த ஏழாவது நாள் முக்கியமானது. அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, வாலாஜாபாத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அம்மா போய்த் தலை வாரிவிட்டு, குழைவாக ரசம் சாதம் ஊட்டிவிட்டு, நாலு பழங்கதை பேசிவிட்டு வந்தால்தான் இரண்டு பேருக்கும் அந்த வாரம் ஓடும். பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் அம்மாவின் முழங்கால் பஸ் படி ஏற மறுத்து நாலு வருஷம் ஆகிறது. "நீ கூட்டிப் போகலாமே?" என்று என்னைக் கேட்காதீர்கள். "நான் இருக்கும்போது அவன் எதுக்கு?" என்பது அப்பாவின் கட்சி. வாலாஜாபாத் போய் வருகிற அந்த நேரத்துக்கு அவர் ஆறு தறி முதலாளி. இறங்கினால் ஓய்வு பெற்றவர்.

ஐப்பசியில் ஆரம்பித்தது வினை. ஞாயிறு நன்றாக ஓடி வந்து நிற்கும் வண்டி, அடுத்த ஞாயிறு சாவியைத் திருப்பினால் 'டிக்'. பாட்டரி காலி.

* * *

முதல் குற்றவாளி பாட்டரிதான் என்று முடிவு செய்தோம். கடைக்காரர் அதை மேலும் கீழும் பார்த்து, "நாலு வருஷமாச்சா? ஆயுசு முடிஞ்சு போச்சு சார்" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். புதுசு வாங்கினோம். 12 வோல்ட், 35 ஆம்பியர்-அவர். அப்பா அதற்கு மஞ்சள் குங்குமம் இட்டார். அடுத்த ஞாயிறு, 'டிக்.'

இரண்டாவது முறை போனபோது கடைக்காரர் பாட்டரியைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "புது பாட்டரி சார், அதுல ஒண்ணும் இல்லை. பெரியவர் லைட்டை ஆஃப் பண்ண மறந்திருப்பார். வயசாச்சில்ல?" என்றார்.

வயசாச்சில்ல! இந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு வலிமை பாருங்கள். அதுவரை எனக்குத் தோன்றாத சங்கதிகள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. போன மாசம் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே கண்ணாடி தேடினார். பேரனின் பெயருக்கு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மோட்டார் போட்டுவிட்டு, டாங்க் வழிந்த பிறகு ஓடினார். (இது மூன்றையும் நானும் செய்திருக்கிறேன். ஆனால் எனக்கு வயசாகவில்லையே!)

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். "அப்பா, போன ஞாயிறு வந்ததும் லைட்டை அணைச்சீங்களா?"

"அணைச்சேனே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பகல்லதானேடா வந்தோம்? லைட்டே போடலியே!"

"உள்ளே இருக்கிற லைட்டு?"

"..."

"டிக்கி சரியா மூடிச்சா? கதவு?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அத்திவரதர் வந்தப்ப 48 நாள் நின்னுதுடா இதே வண்டி. ஒரே சாவியில எடுத்துச்சு" என்றார்.

அது உண்மைதான். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 40 வருஷத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளுகிற அத்திவரதரைப் பார்க்க ஊரே, ஏன், நாடே இங்கே திரண்டது. எங்கள் தெருவில் மனுஷன் நகரவே இடமில்லாதபோது கார் எங்கே நகர? 48 நாளும் தார்ப்பாய்க்குள்ளே கிடந்தது. 49-ம் நாள் அப்பா சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. அப்பா அதை வரதர் அனுக்கிரகம் என்றார். நான் பாட்டரி அனுக்கிரகம் என்றேன்.

இப்போது நான் சொன்ன பதிலை எழுதவே கூச்சமாக இருக்கிறது. "அப்ப உங்களுக்கு வயசு கம்மிப்பா."

* * *

அதற்கப்புறம் வீட்டில் ஒரு மாதிரி விசாரணைக் கமிஷன் நடந்தது. என் மனைவி, "மாமா, நான் வேணா ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்று அக்கறையாகத்தான் சொன்னாள். என் பையன் தாத்தா காரை விட்டு இறங்கியதும், "தாத்தா, லைட்டு!" என்று கத்தினான். அவனுக்கு அது விளையாட்டு. மூன்றாவது ஞாயிறும் வண்டி படுத்துக்கொண்டது. பெரியம்மா அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அம்மா சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று ராத்திரி கோயமுத்தூரில் இருக்கும் தங்கைக்கு போன் செய்தேன். மொட்டை மாடியில் நின்று குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன்.

"அப்பாவுக்கு மறதி வர ஆரம்பிச்சிருக்குன்னு நினைக்கிறேன். ஒரு டாக்டர்கிட்ட காட்டிடலாம். காரையும் வித்துடலாம். ஏதாவது ஆச்சுன்னா?"

திரும்பினால் படிக்கட்டில் அப்பா. கையில் காயப்போட்ட தார்ப்பாய்.

ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை கார் சாவி என் மேஜை மேல், என் கணக்கு நோட்டின் மேல் இருந்தது. "நீயே வெச்சுக்கோ. நல்ல ஆளா பார்த்து வித்துடு. ரேட்டுக்காகப் பார்க்காதே" என்றார். அவ்வளவுதான். அன்று அவர் வண்டியைத் துடைக்கவில்லை.

விற்பதென்றால் ஆர்.சி. புத்தகம் வேண்டும். டாஷ்போர்டு பெட்டியைத் திறந்து தேடினேன். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், பெருமாள் குங்குமப் பொட்டலம். இவற்றுக்குக் கீழே ஒரு நாற்பது பக்க நோட்டு. தறிக்கூலிக் கணக்கு எழுத அப்பா வைத்திருந்த மாதிரி நோட்டு. நீளவாக்கில் கோடு போட்டு, தேதி, நேரம், விவரம்.

'ஞாயிறு, பகல் 1.10. லைட் ஆஃப். பார்த்தேன்.'

'கதவு நாலும் சாத்தியது. டிக்கி சாத்தியது.'

'1.40. மறுபடி போய்ப் பார்த்தேன். லைட் ஆஃப்.'

'ராத்திரி 9. தார்ப்பாய் எடுத்துப் பார்த்தேன். உள்ளே இருட்டு.'

'ராத்திரி 2. பார்த்தேன். இருட்டு.'

பக்கம் பக்கமாக இதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு என் அப்பா எழுந்து போய், தார்ப்பாயைத் தூக்கி, காருக்குள் இருட்டாக இருக்கிறதா என்று பார்த்து, அதை எழுதியும் வைத்திருக்கிறார். எனக்குக் காட்டுவதற்காக அல்ல. காட்டுவதாக இருந்தால் எப்போதோ காட்டியிருப்பார். தனக்குத் தானே நிரூபித்துக்கொள்ள. நான் சொன்னதை அவர் நம்பத் தொடங்கிவிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. காருக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் பி.காம். படித்தவன். காரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு நோட்டைப் பார்த்தால் அது ஒழுங்காக எழுதிய கணக்கா, ஒப்பேற்றிய கணக்கா என்று தெரியும். இது ஒழுங்கான கணக்கு. ஒரு நாள் விடவில்லை, ஒரு அடித்தல் இல்லை. புத்தகம் சரியாக இருந்தும் பணம் குறைகிறது என்றால் என்ன அர்த்தம்? வேறு யாரோ எடுக்கிறார்கள்!

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. லைட்டை மறந்து விட்டிருந்தால் மறுநாள் ஸ்விட்ச் ஆனில்தானே இருக்க வேண்டும்? மூன்று ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தடவையாவது நான் குனிந்து அந்த ஸ்விட்சைப் பார்த்தேனா? இல்லை. குற்றவாளி கையிலேயே இருக்கும்போது சாட்சியை யார் தேடுவார்கள்!

* * *

ரங்கசாமி குளம் பக்கம் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பாய் இருக்கிறார். அவரிடம் போனேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "வண்டி தூங்கும்போது யாரோ கரண்ட் குடிக்கிறாங்க தம்பி. யாருன்னு நீங்களே புடிக்கலாம்" என்றவர், தன் மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து, செய்முறையும் சொல்லி அனுப்பினார்.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வீட்டில் கார் வைத்திருக்கிறவர்களுக்கு உபயோகப்படும்.

அந்தக் காலத்தில் காரைக் கிளப்பப் பாட்டரி வேண்டியதில்லை. முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றுவார்கள். அம்பாஸடர் வைத்திருந்த வீடுகளில் அந்த இரும்புக் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். 1912-ல் அமெரிக்காவில் காடிலாக் காரில், சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அன்றிலிருந்து கை சும்மா இருக்கிறது, பாட்டரி உழைக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் அந்த ஓரிரு விநாடிக்குள் நூறு ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். ஓட ஆரம்பித்ததும் ஆல்டர்னேட்டர் என்கிற மின்சார உற்பத்தி மெஷின் அந்தக் கடனைத் திருப்பிக் கட்டும். அதாவது ஓடும்போது வரவு, கிளம்பும்போது செலவு. நிற்கும்போது வரவும் கூடாது, செலவும் கூடாது. ஸ்டீரியோவின் ஞாபகத்துக்கு, கடிகாரத்துக்கு என்று ரொம்பக் கொஞ்சம் போகும். அது சில்லறைச் செலவு, 'பெட்டி கேஷ்' மாதிரி. 0.02, 0.03 ஆம்பியர் இருந்தால் பரவாயில்லை. 0.05-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம் என்பது பாயின் கணக்கு.

0.03 ஆம்பியர் வீதம் போனால் 35 ஆம்பியர்-அவர் பாட்டரி காலியாக எத்தனை நாள்? காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 48 நாள் சொச்சம்! சிரித்துவிட்டேன். வரதருக்கும் பாட்டரிக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது. (நடைமுறையில் பாதி வற்றினாலே ஸ்டார்ட்டர் முனகும். 2019-ல் ஸ்டீரியோவே இல்லாததால்தான் தப்பித்தது.)

அன்று சாயங்காலம் பாட்டரியை முழுசாகச் சார்ஜ் செய்து மாட்டினேன். மீட்டரில் 12.6 வோல்ட். அப்பா திண்ணையில் உட்கார்ந்து, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, டார்ச் பிடிக்கிறீங்களா?"

வந்தார்.

முதல் வேலை: எல்லா ஸ்விட்சும் ஆஃப், சாவி கையில், கதவுகள் சாத்தியாக வேண்டும். இரண்டாவது: மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்ற வேண்டும். மூன்றாவது: பாட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அந்தக் கேபிளுக்கும் பாட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை வைக்க வேண்டும். ஊருக்குள் வருகிற ஒரே பாதையில் செக்போஸ்ட் போட்ட மாதிரி. எவன் எவ்வளவு கொண்டுபோனாலும் இதைத் தாண்டித்தான் போகணும். இந்த நிலையில் தப்பித் தவறிக்கூட சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பப் பார்க்கக் கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்ட்டில் மீட்டர் பரலோகம் போய்விடும்.

மீட்டரில் 0.42.

அப்பா டார்ச்சை மீட்டர் மேல் அடித்தார். "அப்படின்னா?"

"ராத்திரி பகலா யாரோ குடிக்கிறாங்கன்னு அர்த்தம். ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-அவர். மூணு நாள்ல பாட்டரி காலி."

"இப்ப லைட்டு..."

"எல்லாம் ஆஃப்பா. நீங்களே பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். எல்லாம் ஆஃப். நிமிரக் கொஞ்சம் நேரமாயிற்று.

* * *

இனிமேல்தான் என் பி.காம். வேலை செய்தது. டிரயல் பாலன்ஸ் டாலி ஆகவில்லை என்றால் என்ன செய்வோம்? ஒவ்வொரு லெட்ஜராக எடுத்து விலக்கிப் பார்ப்போம். இங்கே லெட்ஜர் என்பது ஃபியூஸ். ஒரு ஃபியூஸைப் பிடுங்கினால் அந்தக் கிளையில் போகிற செலவு நின்றுவிடும். மீட்டர் எதைப் பிடுங்கும்போது விழுகிறதோ அதுதான் திருடன் வீடு.

ஹாரன் ஃபியூஸ். 0.42. வைப்பர். 0.42. உள் விளக்கு (இதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது). 0.42. ஸ்டீரியோ. 0.40! "பிடிச்சாச்சு!" என்று பையன் குதித்தான். இல்லைடா கண்ணா, இது நியாயமான 0.02. மீதி எங்கே?

எல்லா ஃபியூஸையும் பிடுங்கி ஒரு தட்டில் வைத்தேன். மீட்டர் அசையவில்லை. 0.40.

கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் மூடிவிட்டோம், ஆனாலும் பணம் போகிறது! என் மனைவி, "பாயையே கூப்பிடுங்க" என்றாள். அப்போது அப்பா மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அன்னிக்கு ஒண்ணு சொன்னேனே... நீ கேட்கலை. அந்த உருண்டை சாமான் வெதுவெதுன்னு இருக்குன்னு."

சொல்லியிருந்தார். பதினைந்து நாள் முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை. பனி கொட்டுகிற ஆறு மணி. பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் தண்ணீர் பார்க்கப் போனவர், "மத்த இரும்பெல்லாம் ஜில்லுன்னு இருக்கு, இது மட்டும் இளஞ்சூடா இருக்குடா" என்றார். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "வெயில்பா" என்றேன். கார்த்திகை மாசம், காலை ஆறு மணிக்கு, தார்ப்பாய்க்குள்ளே வெயில்!

அப்பாவின் விரல்கள் நாற்பது வருஷம் பட்டு இழை பார்த்தவை. பாவில் ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே ஒன்று அறுந்தால், 'கண்ணால தேடினா கிடைக்காது, விரலால தேடு' என்பார். அவர் விரல் சொன்னதைத்தான் நான் வெயில் என்று தள்ளினேன்.

"எதுப்பா? காட்டுங்க."

டார்ச் வெளிச்சம் ஆல்டர்னேட்டர் மேல் விழுந்தது.

பிறகுதான் யோசித்தேன். ஃபியூஸ் பெட்டிக்குப் போகாமல் பாட்டரியோடு நேரடி உறவு வைத்திருப்பவர்கள் இரண்டே பேர். ஒன்று ஸ்டார்ட்டர், இன்னொன்று ஆல்டர்னேட்டர். ஜாக்கிரதையாக மீட்டரை எடுத்து, பாட்டரி இணைப்பை முழுக்க விலக்கிவிட்டு, ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் தடித்த ஒயரைக் கழற்றி டேப் சுற்றினேன். மறுபடி மீட்டரை வைத்தேன்.

0.00.

ஃபியூஸ்களைத் திரும்ப மாட்டினேன். 0.02. ஸ்டீரியோவின் பெட்டி கேஷ். டாலி!

சம்பளம் போடுகிற கேஷியரே ராத்திரியில் கல்லாவைத் திறந்திருக்கிறார். யார் பாட்டரிக்குத் தீனி போட வேண்டியவரோ அவரே குடித்திருக்கிறார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டார்ச்சை அணைத்து, அணைந்துவிட்டதா என்று கண்ணாடியைப் பார்த்து, பிறகுதான் கீழே வைத்தார்.

* * *

மறுநாள் அப்பாவும் நானும் ஆல்டர்னேட்டரைக் கழற்றி பாய் கடைக்குக் கொண்டுபோனோம். அதற்குள்ளே டயோடு என்று உண்டு. ஒரு வழிக் கதவு மாதிரி. ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிக்குக் கரண்ட் போகலாம், திரும்பி வரக்கூடாது. பாய் ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தார். நல்ல டயோடு ஒரு பக்கம் விடும், மறு பக்கம் விடாது. இதில் இரண்டு கதவுகள் இரு பக்கமும் விரியத் திறந்து கிடந்தன.

"இது சும்மா போகாதே..." என்று பாய் தலையைச் சொறிந்தார். "ஏன் தம்பி, எப்பவாவது வேற வண்டிலேர்ந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் பண்ணீங்களா? பிளஸ்ஸையும் மைனஸையும் மாத்திக் குடுத்துட்டா ஒரு செகண்டு போதும், டயோடு காலி."

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஐப்பசி மழையில் மூன்று வாரம் வண்டி எடுக்காமல் கிடந்து, ஒரு ராத்திரி பையனுக்கு ஜுரம் என்று அவசரமாகக் கிளப்பப் போனேன். பாட்டரி பலவீனமாக இருந்தது. தெருமுனை லோடு ஆட்டோவிலிருந்து ஒயர் போட்டேன். இரண்டு ஒயரும் கிரீஸ் ஏறி ஒரே கறுப்பு. 'பளிச்'சென்று ஒரு பொறி. ஒரே ஒரு கணம். உடனே எடுத்து, மாற்றிக் கொடுத்தேன், வண்டி கிளம்பிவிட்டது. ஆட்டோக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காததால் நானும் மறந்துவிட்டேன்.

மறந்துவிட்டேன்! வீட்டில் மறதி யாருக்கு என்று பார்த்தீர்களா?

கல்லூரியில் எங்கள் அக்கவுண்டன்ஸி வாத்தியார் ஒரு சூத்திரம் சொல்வார். டிரயல் பாலன்ஸில் வித்தியாசம் வந்தால் அதை ஒன்பதால் வகுத்துப் பார். மீதியில்லாமல் போனால், எங்கோ 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு எண் இடம் மாறினால் போதும், மூட்டை மூட்டையாகக் கணக்குப் பார்த்தாலும் டாலி ஆகாது. இடம் மாறிய இரண்டு ஒயருக்கு நான் ஒரு மனுஷனின் புத்தியைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

பாய் கேட்டதற்கு, "ஆமாம் பாய், நான்தான்" என்றேன். அப்பா பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. டயோடு பிளேட் மாற்றி, பேரிங்கும் பார்த்து, பாய் ஆல்டர்னேட்டரைக் கொடுத்தார். இஞ்சின் ஓடும்போது பாட்டரியில் 14 வோல்ட் அருகில் காட்டியது. ராத்திரியில் 0.02.

வீட்டுக்கு வந்ததும் அப்பா டாஷ்போர்டிலிருந்து அந்த நோட்டை எடுத்தார். நான் அதைப் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது போலிருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்து, பேனாவையும் என்னிடம் நீட்டினார்.

"எழுதிடு."

தப்பாகப் போட்ட கணக்கை அழிக்கக் கூடாது. திருத்தப் பதிவு எழுத வேண்டும். நான் படித்ததும் அதுதான். தேதி போட்டேன். 'ஆல்டர்னேட்டர் டயோடு பழுது. ஒயரை மாற்றிக் கொடுத்தது நான். அப்பா லைட்டை மறக்கவில்லை.' எழுதும்போது கை கொஞ்சம் கோணிற்று. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று வரியையும் வாய்விட்டுப் படித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். கூலிக் கணக்கு நேர் செய்துவிட்டுப் போடுவாரே, அதே கையெழுத்து. பிறகு என் மேஜையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு ஆறரை மணிக்குத் தெருவில் ஒரே ஒரு 'ர்ர்ர்', உடனே இஞ்சின் சத்தம். கையைத் துடைத்துக்கொண்டு தயாராக வந்த எதிர்வீட்டு அண்ணன் ஏமாந்து நின்றார். அம்மா முன் சீட்டில் ரசம் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் போகவில்லை. தங்கைக்குப் போன் செய்து, எனக்கு வேண்டுமானால் டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். பாட்டரியில் ஒரு விஷயம் உண்டு. வற்றிப்போன நிலையில் ரொம்ப நாள் விட்டுவிட்டால், உள்ளே ஈயத் தகட்டின் மேல் உப்புப் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் முழுசாகத் திரும்பாது. எங்கள் பாட்டரி புதுசு, தப்பித்துவிட்டது.

போன வாரம் இன்ஷூரன்ஸ் பேப்பருக்காக டாஷ்போர்டைத் திறந்தேன். அந்த நோட்டு இருந்தது. என் மூன்று வரிக்கும் அப்பாவின் கையெழுத்துக்கும் கீழே, புதுப் பக்கத்தில்:

'ஞாயிறு, பகல் 1.15. லைட் ஆஃப். பார்த்தேன்.'